முழங்காலில் பட்ட புண்

தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று மாணவர்கள் வந்து நின்றபோது, சங்க இலக்கியத்தில் ஏதேனும் ஒரு பொருள் குறித்து எழுதித் தருவதாகவே வாக்களித்தோம். பொருளும் மனத்தில் இருந்தது. விழுப்புண் என்பதே அது. போர்க்களத்தில் பட்ட புண்ணைப் பழந்தமிழர் இருவகையாகப் பகுத்தனர் என்பதைத் தமிழ் பயின்றார் யாவரும் அறிவர். முகத்திலும் மார்பிலும் பட்டது விழுப்புண். முதுகில் பட்டது புறப்புண். முன்னது புகழ், பின்னது பழி. விழுப்புண் படாத நாளை வீணே கழிந்த நாளாக எண்ணுவான் வீரன் என்று திருக்குறளும் பேசுகிறது. இவற்றைப் பாடமாக நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள், பின்வரிசையில் அமர்ந்திருந்த மாணவர் ஒருவர், "முழங்கால்ல பட்ட புண்ணுக்கு என்ன பேர் சார்?" என்று வினவினார். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். கேட்டவர் மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய ஊன்றுகோல் பெஞ்சின்மீது சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

அன்று விடை கூறாமலே பாடத்தைத் தொடர்ந்துவிட்டோம். காலம் கடந்து இப்போது விடையளிக்க முயல்கிறோம். இலக்கியம் நாடி இம்மலரைப் புரட்டும் பெரியவர்கள், கால்பந்தைப் பற்றிப் படிக்க நேர்வதைப் பொறுத்தருள வேண்டும்.

அம்மாணவர் நாம் குடியிருக்கும் மணலி புதுநகரைச் சேர்ந்தவர். எம் தெருவிற்கு இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. தந்தையார் துறைமுகத்திற்கு டிரெய்லர் லாரி ஓட்டுபவர். மணலி புதுநகரைக் காணாதவர்களுக்கு அதனை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். ஒருபுறம் கொசஸ்தலை ஆறு. மறுபுறம் மணலி ஆலைகளின் புகைபோக்கிகள். இடையே கன்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் ஓயாத சாலை. 2015-இலும் 2021-இலும் 2023-இலும் வெள்ளம் வீட்டுக்குள் வந்ததைக் கண்டோம். வெள்ளம் வடிந்தபின் எஞ்சும் வண்டலும் செங்கல் உடைசலும் கண்ணாடிச் சில்லும் பரந்து கிடக்கும் வெற்றுமனைகளே எம் பகுதிப் பிள்ளைகளின் ஆடுகளம். அங்கே மாலை நான்கரை மணிக்குப் பந்து உருளத் தொடங்கினால், முகம் தெரியாத இருட்டு வந்த பிறகே நிற்கும்.

வடசென்னைக்குக் கால்பந்து புதிதன்று. இப்பகுதி என்றதும் குத்துச்சண்டையை நினைப்போர் பலர். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் காசிமா மூன்று பொற்பதக்கம் வென்றபின் கேரமும் பேசப்படுகிறது. மகிழ்ச்சியே. ஆயினும் வியாசர்பாடியின் சந்துகளில் கால்பந்து வேரோடியிருப்பதை உணர்ந்தவர் சிலரே. அங்கே 1997 முதல் ஓர் அமைப்பு குடிசைப்பகுதிச் சிறார்க்குக் கால்பந்தையும் கல்வியையும் சேர்த்தே அளித்து வருகிறது. அவ்வியாசர்பாடி தந்தவர் தனபால் கணேஷ். அவரைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும்.

நடுக்கள வீரர் என்பவர் கோல் அடிப்பவர் அல்லர். கோலைத் தடுப்பவரும் அல்லர். அடிப்பவருக்கும் தடுப்பவருக்கும் இடையில் நின்று, எதிரியின் ஓட்டத்தை அறுத்து, பந்தை உரிய இடத்திற்கு அனுப்புபவர். வீட்டில் தாயின் உழைப்பைப் போன்றது அவர் ஆட்டம். நடக்கும்வரை எவர் கண்ணிலும் படாது. 2017-18 பருவத்தில் சென்னையின் எஃப்.சி. அணிக்கு அவ்வாறு நின்றவர் கணேஷ். 2018 மார்ச் 13 அன்று நேரு விளையாட்டரங்கில் கோவா அணிக்கு எதிராக நடந்த அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில் சென்னை 3-0 என வென்றது. ஜெஜே இரண்டு, கணேஷ் ஒன்று. நான்கு நாள் கழித்துப் பெங்களூருவில் அவ்வூர் அணியையே 3-2 என வீழ்த்திச் சென்னை இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை இரண்டாம் முறையாகக் கைப்பற்றியது. வடசென்னைப் பிள்ளை ஒருவர் பெருங்களத்தில் நிமிர்ந்து நின்ற அந்நாள்களில், எம் தெருச் சிறுவர்கள் தம் பனியன்களின் முதுகில் அவர் பெயரைப் பேனாவால் எழுதிக்கொண்டு திரிந்தனர்.

அடுத்த பருவம் தொடங்கும் வேளையில் அவர் முழங்கால் காயமுற்றது. 2018-19 பருவத்தின் பெரும்பகுதியைக் காயம் பறித்துக்கொண்டது. அப்பருவத்தில் நடப்பு வெற்றியாளரான சென்னை அணி பதினெட்டு ஆட்டங்களில் 9 புள்ளிகள் மட்டுமே பெற்றுப் பத்து அணிகளில் கடைசியாக முடித்தது. ஒருவர் இல்லாமையே இச்சரிவுக்குக் காரணம் என்று நாம் வாதிடவில்லை. கால்பந்து பதினொருவர் ஆட்டம். ஆனால் அந்நாளில் தேநீர்க் கடைகளில் கேட்ட பேச்சு நினைவிருக்கிறது. பயிற்றுநரை வைதனர்; முன்கள வீரரை வைதனர்; கோல்காப்பாளரை வைதனர். நடுவில் ஓரிடம் வெறுமையாய்க் கிடந்ததைச் சொன்னவர் அரியர். கணேஷின் பெயர் வந்தபோதெல்லாம், "அவன் கால் போச்சுப்பா" என்ற மூன்று சொல்லோடு பேச்சு முடிந்துபோயிற்று. கோப்பை வென்ற கால் அது என்பது ஆறே மாதத்தில் மறந்துவிட்டது. வீரரின் பெயர் அவர் களத்தில் நிற்கும்வரைதான் போலும்!

முழங்காலுக்குள் நடப்பது என்ன என்பதை நாமும் பின்னாளில்தான் கற்றோம். தொடை எலும்பையும் முன்கால் எலும்பையும் இறுகப் பிணைக்கும் நார்கள் உள்ளே குறுக்கும் நெடுக்குமாகச் செல்கின்றன. அவற்றுள் முன்புறமாகச் செல்வதை மருத்துவர்கள் ஏ.சி.எல். என்பர், நம் பிள்ளைகள் சுருக்கமாக 'லிகமென்ட்' என்பர். ஓடும் வேகத்தில் பாதம் தரையில் ஊன்றி நிற்க, உடல் மட்டும் திரும்பினால் அது அறும். மோதல் வேண்டுவதில்லை, பெரும்பாலும் எவரும் தொடாமலே அறுகிறது. காண்பவருக்கு ஏதும் நடந்ததாகவே தோன்றாது. குருதி இல்லை, எலும்பு முறியவில்லை, சற்று நேரத்தில் எழுந்து நடக்கக்கூட முடியும். கொடுமை அங்குதான் தொடங்குகிறது. நடக்க முடிந்தவன் ஓட முடியும் என்று பார்ப்பவர் எண்ணுகின்றனர். அறுவைச் சிகிச்சை செய்தபின், ஏறத்தாழ ஒன்பது மாதமாவது பொறுத்துக் களத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதே மருத்துவர்களின் பொதுக் கருத்து. முந்தியவருக்கு மீண்டும் அறும் அபாயம் மிகுதி.

இதற்குப் பிரேசில் நாட்டு ரொனால்டோவே சான்று. (இன்றைய மாணவர்கள் இப்பெயரைக் கேட்டதும் போர்ச்சுகல்காரரை நினைப்பர், இவர் அவருக்கு மூத்தவர்.) 1999 நவம்பரில் இத்தாலியில் ஆடும்போது அவர் முழங்கால் நார் கிழிந்தது. ஐந்து மாதம் ஆகுமுன், 2000 ஏப்ரல் 12 அன்று, ரோம் நகரில் மாற்று வீரராகக் களமிறங்கினார். ஏழு நிமிடம்கூட முழுமையாக ஆடவில்லை. எவரும் தொடாமலே, பந்தோடு ஓடியவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். இம்முறை நார் முற்றிலும் அறுந்துபோயிற்று. அவர் கதை முடிந்ததென்றே உலகம் எழுதிற்று. 2002 உலகக் கோப்பையில் அதே கால் எட்டு கோல்களை அடித்தது. இறுதி ஆட்டத்தில் ஜெர்மனிக்கு எதிரான இரண்டு கோல்களும் அவருடையவையே. இக்கதையைச் சொல்லி மாணவர்க்கு ஊக்கமூட்டும் ஆசிரியர் பலர். நாமும் ஒருவராய் இருந்தோம். இப்போது தயங்குகிறோம். ரொனால்டோ மீண்டார் என்பதற்காக எல்லோரும் மீள்வர் என்று எண்ணுவது, நீந்திக் கரையேறியவரை மட்டும் எண்ணி ஆற்றின் ஆழத்தைக் கணக்கிடுவது போன்றது. மேலும், அவருக்கு இருந்த மருத்துவரும் பொருளும் இரண்டாண்டு பொறுத்திருந்த சங்கமும் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

அமெரிக்காவில் கால்பந்து என்ற பெயரில் பெரும்பாலும் கையால் ஆடும் ஓர் ஆட்டம் உண்டு. பெயர்ப் பொருத்தம் அவர்கள் பாடு. அதில் அணியின் மூளையாய் நின்று பந்தை எறிபவரைக் குவார்ட்டர்பேக் என்பர். அணி வென்றால் புகழெல்லாம் அவருக்கு. தோற்றால் பழியெல்லாம் அவருக்கு. இண்டியானாபொலிஸ் அணியின் ஆண்ட்ரூ லக் என்பவர், தோள், கால் என ஓயாத காயங்களால் நொந்து, 2019 ஆகஸ்ட் 24 அன்று இருபத்தொன்பதாம் வயதில் ஓய்வை அறிவித்தார். செய்தி அரங்கத்தில் பரவியதும், அவர் களத்தைவிட்டு நடந்து செல்லும்போதே சொந்த ஊர் மக்களே கூச்சலிட்டு இகழ்ந்தனர். அதே ஆட்டத்தில் அலெக்ஸ் ஸ்மித் என்பவர் 2018 நவம்பரில் கால் எலும்பு முறிந்து, புண் சீழ்பிடித்து, காலையே இழக்கும் நிலைக்குச் சென்று, பதினேழு அறுவைச் சிகிச்சைகளுக்குப் பின் 2020 அக்டோபரில் களத்திற்குத் திரும்பினார். அவரை நாடே எழுந்து நின்று போற்றியது. இருவரையும் எண்ணிப் பார்க்கிறோம். வலியோடு திரும்பியவர் வீரர். வலி போதுமென்று நின்றவர் கோழை. இத்தீர்ப்பை வழங்கியவர் எவர்? வலியை அனுபவித்தவர் அல்லர். நுழைவுச்சீட்டு வாங்கி உட்கார்ந்திருந்தவர். கடல் கடந்த ஊரென்று சிரித்துவிட வேண்டா. மணலி புதுநகரிலும் அதுவே நடக்கிறது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியின் அரையிறுதி ஆட்டம். நம் மாணவர் நடுக்களத்தில் ஆடினார். துறை ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து பார்க்கச் சென்றிருந்தோம். இரண்டாம் பாதியில் பந்தை வாங்கித் திரும்பியவர் தரையில் அமர்ந்துவிட்டார். அருகில் எதிரணியினர் எவருமில்லை. தூக்கிவந்து கோட்டுக்கு வெளியே உட்கார வைத்தனர். பனிக்கட்டியைச் சுற்றினர். நாம் எழுந்து சென்று பார்த்தோம். முகம் வெளுத்திருந்தது. "உள்ளே டப்புனு ஒரு சத்தம் கேட்டுச்சு சார்" என்றார். நமக்கு அச்சத்தத்தின் பொருள் தெரியாது. ஆட்டம் சமநிலையில் இருந்தது. "இவ்வளவுதானா? தமிழ்த்துறைக்காரன் பாதியில் உட்காரலாமா?" என்று, ஊக்கமூட்டுவதாக எண்ணிக்கொண்டு, நான்கு பேர் கேட்கச் சொன்னோம். சொன்னவர் வேறு எவரும் அல்லர், நாமே. உடனிருந்தவர்கள் கைதட்டினர். அவர் எழுந்து இறுகக் கட்டுப் போட்டுக்கொண்டு உள்ளே சென்றார். பன்னிரண்டு நிமிடம் ஆடினார். பிறகு விழுந்தபோது எழவில்லை.

முதலில் கிழிந்தது நார் மட்டும். பின்னர் ஆடிய பன்னிரண்டு நிமிடத்தில் முழங்காலின் இரு எலும்புக்கும் இடையே மெத்தைபோல் அமைந்த குருத்தெலும்பும் சிதைந்திருக்கக்கூடும் என்று மருத்துவர் கூறியதாக அவர் தந்தையார் சொன்னார். எம்மைப் பழிக்கும் தொனியே அதில் இல்லை. எம் சொல்லைக் கேட்டுத்தான் மகன் மீண்டும் களம் புகுந்தான் என்பதை அவர் அறியவும் இல்லை. நாமும் சொல்லவில்லை. இன்றுதான் எழுதுகிறோம்.

இனி, இலக்கியத்துக்கு வருவோம். வெண்ணிப் பறந்தலையில் கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதனின் கதையைப் புறநானூற்றின் 65, 66-ஆம் பாடல்களில் படிக்கிறோம். கரிகாலன் எறிந்த வேல் சேரனின் மார்பில் பாய்ந்து முதுகு வழியே வெளிப்பட்டது என்பர். அவன் புறமுதுகு காட்டவில்லை, எதிர்நின்றே புண்பட்டான். ஆயினும் புண் முதுகிலும் இருந்தது. ஊர் என்ன சொல்லும் என்று நாணி, வடக்கிருந்து உயிர்விட்டான். ஒரு நல்ல அரசன், புண்ணால் இறக்கவில்லை. புண்ணுக்கு மற்றவர் வைக்கும் பெயரால் இறந்தான். வெண்ணிக் குயத்தியார் என்ற பெண்பாற் புலவர், வென்ற கரிகாலனை நோக்கியே, தோற்று வடக்கிருந்தவன் நின்னினும் நல்லன் அல்லனோ எனக் கேட்ட நெஞ்சுரத்தை ஆண்டுதோறும் வியந்து பாடம் நடத்துகிறோம். 278-ஆம் பாடலில் வரும் முதிய தாயையும் மறப்பதற்கில்லை. மகன் போரில் முதுகிட்டான் என்று பலர் கூறிய பேச்சைக் கேட்டுச் சினந்து, வாளோடு களம் சென்று, பிணங்களைப் புரட்டித் தேடுகிறாள். மகன் துண்டுபட்டுக் கிடக்கக் கண்டு, பெற்ற நாளினும் பெரிதும் மகிழ்கிறாள். அவள் மகிழ்ச்சியின் அருமையை விளக்கி விளக்கி எம் தொண்டை வறண்டதுண்டு. பொய் பேசிய அந்தப் பலரைப் பற்றி ஒருநாளும் ஒரு வினாவும் எழுப்பியதில்லை. அவர்கள் களத்தருகே நின்றவர்களா, வீட்டுத் திண்ணையில் இருந்தவர்களா? பாடல் சொல்லவில்லை. மார்புக்கும் முதுகுக்கும் இடையே மட்டும் வீரத்தை அளக்கும் பழக்கம் நமக்கு அங்கிருந்தே வருகிறது. இன்று கால்பந்து வீரனின் முழங்கால் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஆகவே அதற்குப் பெயர் வைக்கத் தெரியாமல், 'நடிக்கிறான்' என்கிறோம்.

நடிப்பவர்கள் இல்லையா என்று கேட்பவர் உண்டு. இருக்கின்றனர். தொடாமலே விழுந்து உருண்டு, நேரத்தைக் கடத்தி, பெனால்டி பெறும் வித்தையைத் தொலைக்காட்சியில் பார்த்து எம் தெருச் சிறுவர்களும் கற்றுவிட்டனர். நடுவர் அதற்கு மஞ்சள் அட்டை காட்டலாம் என்று விதி இருக்கிறது. பொய்யாக விழுபவரின் கடனை மெய்யாக விழுந்தவரே அடைக்க நேர்கிறது என்பதுதான் எம் வருத்தம். ஆயினும் பத்துப் பொய் நடிப்பை நம்பி ஏமாந்தால் இழப்பது ஐந்து நிமிட ஆட்டம். ஒரு மெய் வலியை நடிப்பென்று தள்ளினால் இழப்பது ஒரு பிள்ளையின் கால். எதை இழப்பது என்பதில் எமக்கு இப்போது ஐயமில்லை.

காயத்தின் பழி பட்டவரோடு நிற்பதில்லை, மோதியவரையும் பற்றும். 2004 டிசம்பர் 5 அன்று பெங்களூருவில் ஃபெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டம். டெம்போ அணியின் பிரேசில் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர் தம் இரண்டாவது கோலை அடித்த கணத்தில், பாய்ந்து வந்த மோகன் பகான் கோல்காப்பாளர் சுப்ரதா பாலோடு மோதிச் சாய்ந்தார். மருத்துவமனையில் அவர் இறந்ததாக அறிவிக்கப்பட்டது. களத்தில் உரிய மருத்துவ ஏற்பாடு இல்லாமை குறித்து அப்போது பெருங்கண்டனம் எழுந்தது. எனினும் மக்கள் பேச்சில் பழி முழுதும் அந்த இளம் காப்பாளர் தலையில் விழுந்தது. 2011 ஜனவரியில் தோஹாவில் ஆசியக் கோப்பையில் தென் கொரியாவின் அடிகளை அவர் பாய்ந்து பாய்ந்து தடுத்தபோது, அதே மக்கள் அவரை 'ஸ்பைடர்மேன்' என்றனர். 2016-இல் அர்ஜுனா விருதும் கிடைத்தது. முன்னர் வைத்த பெயர் மிகையெனில் பின்னர் வைத்த பெயரும் மிகையே. இரண்டுக்கும் நடுவே, களத்தருகே ஆம்புலன்ஸ் நின்றதா, மருத்துவர் இருந்தாரா என்ற சிறு வினாக்களை எழுப்ப எவருக்கும் பொறுமை இருப்பதில்லை.

இனிப் பிழைப்பைப் பற்றி ஒரு சொல். முந்தைய தலைமுறையில் சென்னையில் நன்கு கால்பந்து ஆடிய பிள்ளைக்கு ஐ.சி.எஃப்., தென்னக ரயில்வே, இந்தியன் வங்கி, சுங்கத்துறை என ஏதேனும் ஓரிடத்தில் வேலை கிடைக்கும். மாலையில் அலுவலக அணிக்கு ஆட வேண்டும். கால் போனாலும் மேசை இருந்தது; மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது. இன்று அவ்வழி குறுகிவிட்டது. தொழில்முறைச் சங்கங்கள் வந்துள்ளன. அவை தரும் பணம் முன்னைய தலைமுறை கனவிலும் காணாதது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஒப்பந்தம் ஓராண்டு, ஈராண்டு. 2018-19-இல் ஐ-லீக் கோப்பையை வென்ற சென்னை சிட்டி அணி இன்று தேசியப் போட்டிகளில் இல்லை. 2025 ஆகஸ்டில், சூப்பர் லீக் நடக்குமா என்பதே தெரியாத நிலையில், பெங்களூரு அணி வீரர்களின் ஊதியத்தை நிறுத்தி வைத்தது. சென்னையின் அணியும் தன் பணிகளை நிறுத்திவைத்தது. நல்ல கால் உள்ளவருக்கே இந்நிலை எனில், கட்டுப் போட்ட காலுக்கு யார் பொறுப்பு? உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு 2012 முதல் ஓர் ஈட்டுத் திட்டம் வைத்துள்ளது. நாட்டுக்காக ஆடிக் காயமுற்ற வீரரின் ஊதியத்தை ஈடுகட்டும் திட்டம். தொகை சேர்வது அவருடைய சங்கத்துக்கு. பெருஞ்சங்கத்துக்குக் கிடைக்கும் அந்தப் பாதுகாப்பில் நூற்றில் ஒரு பங்கும் மணலி புதுநகர் வெற்றுமனையில் ஆடும் பிள்ளைக்குக் கிடையாது.

விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம் பெறுவோர் நிலை இதனினும் நுட்பமானது. ஆடுவதால் இடம் கிடைத்தது. ஆகவே ஆடாவிட்டால் இடம் போகும் என்ற அச்சம் எழுதப்படாத விதியாய் அவர்கள் நெஞ்சில் கிடக்கிறது. அதனால் வலியை மறைக்கின்றனர். மாத்திரை விழுங்கிவிட்டு வருகின்றனர். பயிற்றுநரிடம் மறைத்து, உடன் ஆடுபவரிடம் மட்டும் சொல்கின்றனர். நம் மாணவரும் அந்த அரையிறுதிக்கு மூன்று வாரம் முன்பிருந்தே முட்டி வலியோடு ஆடினார் என்பதைப் பிறகே அறிந்தோம். வலிக்கும் பிள்ளை வாய் திறந்தால் இடம் போகாது என்று அவர்களுக்கு எவரேனும் எழுத்தில் தர வேண்டும். காயமுற்ற மாணவருக்கு அவருடைய கட்டணச் சலுகை படிப்பு முடியும்வரை தொடர வேண்டும். சிகிச்சைக் காலம் வருகைப் பதிவில் குறையாகக் கூடாது. மீண்டும் ஆடலாமா என்பதை மருத்துவர் ஒருவரே முடிவு செய்ய வேண்டும். பயிற்றுநரும் முதல்வரும், தமிழாசிரியரும், அதில் தலையிடலாகாது. சமுதாயப் பெரியவர்கள் கோப்பைக்கும் சீருடைக்கும் மனமுவந்து நன்கொடை தருகின்றனர். அதில் ஒரு பங்கை மருத்துவக் காப்பீட்டுக்கும் இயன்முறைச் சிகிச்சைக்கும் ஒதுக்கினால் பெரும்பயன் உண்டு. கோப்பையில் பெயர் பொறிக்கலாம். காப்பீட்டுத் தாளில் பொறிக்க இயலாது என்பதே அதிலுள்ள ஒரே குறை.

"பந்தாட்டம் பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கிறது, காயம் பட்டால் தெளிவு வரும்" என்று கருதும் பெரியவர்களும் நம்மிடையே உண்டு. அவர்களோடு உடன்பட இயலவில்லை. எம் பகுதியில் மாலை நான்கரை மணிக்குப் பந்து உருளாத தெருக்களில் வேறு என்னென்ன உருள்கின்றன என்பதை அவர்கள் ஒருநாள் வந்து காண வேண்டும்.

நம் மாணவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. வீட்டிலிருந்த நகை அதற்குச் சென்றது. தேர்வுகளை எழுதிப் பட்டமும் பெற்றார். இப்போது எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் பெட்டிகளின் எண்களைக் குறித்துக்கொள்ளும் வேலை. நாள் முழுதும் நின்றால் முட்டி வீங்குகிறது என்கிறார். ஞாயிறுதோறும் அதே வெற்றுமனையில் சிறுவர்களுக்கு ஆட்டம் சொல்லித் தருகிறார். சென்ற மாதம் அவ்வழியே செல்கையில் சற்று நின்று பார்த்தோம். கால் பிசகிய ஒரு சிறுவனைக் கைப்பிடித்து வெளியே கொணர்ந்து உட்கார வைத்தார். "நான் ஆடறேன்ணா" என்று அவன் கெஞ்சினான். மதில்மேல் அமர்ந்திருந்த இளைஞர்கள் கேலி செய்தனர். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிறுவனின் காலணியைக் கழற்றித் தம்மிடமே வைத்துக்கொண்டார்.

எம்மைக் கண்டதும் வந்து வணங்கினார். அன்று வகுப்பில் அவர் கேட்ட வினாவை நினைவூட்டினோம். மறந்துவிட்டதாகச் சொன்னார். உண்மையில் மறந்தாரா என்று தெரியவில்லை.

அவ்வாண்டு நம் அணி இறுதி ஆட்டத்தில் வென்றது. கோப்பையோடு எடுத்த புகைப்படம் உடற்கல்வித் துறை அறைச் சுவரில் தொங்குகிறது. அதில் அவர் இல்லை; படம் எடுத்த நாளில் அவர் மருத்துவமனையில் இருந்தார். படத்தின் கீழே பதினாறு பெயர்கள் உள்ளன; அவற்றிலும் அவர் பெயர் இல்லை. நின்றவர்களின் பெயரை மட்டும் எழுதுவது வழக்கம் என்றார்கள். பதினேழாவதாக அவர் பெயரையும் சேர்க்க வேண்டுமென உடற்கல்வி இயக்குநரிடம் எழுத்தில் வேண்டியுள்ளோம். சட்டத்தின் கீழ் விளிம்பில், கடைசிப் பெயருக்கு வலப்பக்கம், இரண்டு விரற்கடை இடம் இருக்கிறது. அளந்து பார்த்தே எழுதினோம்.